கிணற்றில் தொங்கிய பால்மா டின்

எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் ஒரு பால்மா டின் தொங்கிய விஷயம் எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தோம். எங்கள் வீடு என்று சொல்வது வாய்ப்பழக்கம். அது அவளுடைய வீடு. மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். தாய் அதை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் சின்னதாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவாள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். நானும் அப்படித்தான் பட்டினத்திலிருந்து செட்டிபாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளை, அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞன், மூக்குக்கு மேல் கோபம். இத்தனையையும் பொறுத்துக்கொண்டு ஒருத்தி என்னைக் கட்டினாள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பெருமையும் வரும்.

அவள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிப்பித்தாள். சண்டைக் காலம் அது. கம்பஸ் திறந்திருந்த நாட்களைவிட மூடிக் கிடந்த நாட்கள்தான் அதிகம். திறந்திருந்தாலும் கரண்ட் இருக்காது. அந்த லட்சணத்தில்தான் அவள் தன் மேற்படிப்புக்கு மதுவத்தைத் தெரிந்தெடுத்தாள். மதுவம் என்றால் பாணைப் பொங்க வைக்கிற, கள்ளைப் புளிக்க வைக்கிற அதே கண்ணுக்குத் தெரியாத உயிர்தான்.

"உலகத்தில வேற ஒண்டும் கிடைக்கல்லையா? ஊரெல்லாம் கள்ளுத் தவறணையில ஆராயிற சாமானைத்தானா நீ ஆராயணும்?" என்று கேட்டேன்.

"அங்க ஆராயிறவங்களுக்குப் பட்டம் குடுக்கிறல்லையே" என்றாள்.

அவளிடம் நான் ஒருநாளும் பேச்சில் வென்றதில்லை.

அந்த மதுவம் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. ஈயத்தாளில் சுற்றிய ஒரு சின்னக் கடதாசித் துண்டு, அவ்வளவுதான். வழியில் யாரோ உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். வெறும் கடதாசியைக் கண்டு என்ன நினைத்தார்களோ தெரியாது. அந்தக் கடதாசியில் காய்ந்து கிடந்த உயிரை அவள் குசினியில் வைத்து எழுப்பினாள். காத்தான்குடியில் நோன்புக் காலத்தில் காய்ச்சுவதற்கு விற்கிற கடற்பாசியை வாங்கி, சீனியும் அவித்த உருளைக்கிழங்குத் தண்ணீரும் சேர்த்து, இடியப்பச் சட்டியில் ஆவி பிடித்து, சோதனைக்குழாய்களுக்குள் சரிவாக உறைய வைத்தாள். நான் மிச்சத்தில் ஒரு விரல் தொட்டு ருசி பார்த்து, சீனி போதாது என்றேன். கடதாசியை அதன்மேல் தேய்த்து வைத்தாள். சில நாளில் வெண்ணெய் பூசினதுபோல ஒரு படை வந்தது. அவள் அதைப் பார்த்த பார்வையைக் கண்டு எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

இது சாதாரண மதுவம் இல்லை. குறைபாடு உள்ளது. அந்தக் குறைபாடு என்னவென்று விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. உயிரின் மிகச் சின்ன அலகான கலத்துக்குள்ளே இழைமணி என்று ஒன்று உண்டு. கலத்துக்குச் சக்தி தருவது அதுதான். ஆனால் அதற்கு வேண்டிய புரதங்களில் ஏறக்குறைய எல்லாமே அதற்கு வெளியேதான் உண்டாகின்றன. பிறகு இழைமணியின் வாசலால் உள்ளே போகவேண்டும். மடிந்து சுருண்டபடி போக முடியாது. பிரிந்து நூலாக நீண்டுதான் அந்த வாசலுக்குள் நுழையலாம். நுனியில் இன்ன இடத்துக்கு என்று காட்டுகிற ஒரு துண்டு இருக்கும். உள்ளே போனதும் அதை வெட்டிவிட்டு, புரதம் தன் உருவத்துக்கு மடிந்துகொள்ளும்.

"கல்லடிப் பாலத்துச் சென்றியில நாங்க படுற பாடுதான்" என்றேன். அங்கே காவல் நிற்கிற ஆமிக்காரன் முன்னால் பையைத் திறந்து, மடித்த உடுப்பை உதறிக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, அந்தப் பக்கம் போய்த் திரும்ப அடுக்கிக்கொள்வோம்.

"ஓம். என்ட மதுவத்தில அந்த வாசல்ல நிண்டு உள்ளுக்கு இழுக்கிற புரதம்தான் பிழை. குளிருக்குள்ள ஒழுங்கா வேலை செய்யும். சூடேறினாத் தளர்ந்திரும். பிறகு ஒண்டும் உள்ள போகாது. போக வந்ததெல்லாம் வெளிய குவியும், ஒண்டோடொண்டு ஒட்டிக்கொள்ளும், வாசல்லயே பாதியில சிக்கிக் கிடக்கும்."

"பிறகென்ன, சாகும்."

"எல்லாம் உடனே சாகாதாம். என்னவோ செய்து கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்குது. என்ன செய்யுதெண்டுதான் எனக்குத் தெரியணும்."

அதைத் தெரிந்துகொள்ள ஒழுங்கான ஆய்வுகூடம் வேண்டும். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பாதை மூடியிருந்தது. திறக்கிறவரைக்கும் அந்த மதுவத்தைச் சூடு படாமல் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அது செத்தால் அவளுடைய படிப்பும் அதோடு சரி. இன்னொரு கடதாசித் துண்டு வந்து சேருமென்று யார் கண்டது? அது வைகாசி மாதம் வேறு. உட்கார்ந்திருந்தாலே வேர்த்து ஒழுகும் காலம். கிராமத்தில் கரண்ட் இல்லை, குளிர்சாதனப் பெட்டியும் இல்லை. எங்கள் வளவில் குளிர்ச்சியான ஒரே இடம் கிணறுதான்.

குழாய்களை ஈர மணலில் புதைத்துப் பால்மா டின்னுக்குள் வைத்தாள். தண்ணீர் போகாமலிருக்க, வயருக்கு ஒட்டுகிற கறுப்பு ரேப்பை நான் சுற்றினேன். மிதக்காமலிருக்க அடியில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டினேன். கயிறு இற்றுப்போகும் என்று டெலிபோன் வயர் கொண்டு வந்து, கிணற்றுக் கட்டின் உள்பக்கம் கண்ணுக்குப் படாமல் முடிந்துவிட்டேன். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். கறுப்பு ரேப், இரும்பு, வயர் மூன்றும் சேர்ந்து அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எதைப்போலத் தெரியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் மண்டையில் ஏறவேயில்லை.

மாமியிடம், அதாவது மனைவியின் தாயிடம், சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கோயில் கதவை அப்போதுதான் திறப்பார்கள்; கடைசியில் அம்மனின் சூட்டை ஆற்றும் குளிர்த்தியோடு சடங்கு முடியும். அந்த நாட்களில் ஊரில் மச்சம் மாமிசம் கிடையாது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கோயிலுக்குப் போகும். அதற்குள் கள்ளின் உறவுக்காரனைத் தொங்கவிட்டிருக்கிறோம் என்றால் மாமி எங்களையும் சேர்த்துத் தொங்கவிட்டிருப்பார்.

மாமிக்கு ஒரு தம்பி. வாவியில் தோணி வைத்து மீன் பிடிக்கிறவர். என் மனைவிக்குத் தாய்மாமன். தன் அக்காவின் மகளுக்குத் தன் மகனையே கட்டிவைப்பதாக இருந்தவர். நான் நடுவில் வந்து கெடுத்தேன். கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். அதற்குப் பிறகு என்னோடு ஒரு சொல் பேசியதில்லை. நான் பக்கத்தில் நின்றாலும், "வீட்டுக்காரர் சாப்பிட்டாராமா?" என்று அவளிடம்தான் கேட்பார். மனைவி சொல்வதைப் பார்த்து நானும் மாமா என்றேன். மாமி எனக்கு அப்பாவின் சகோதரி முறை என்பதால், முறைப்படி அவர் எனக்குச் சித்தப்பா. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் அந்தக் குழப்பம் எனக்குத் தொந்தரவு தரவில்லை. மனதுக்குள் எரிச்சல் இருந்தது. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன்.

கோயில் கதவு திறக்க முந்தின நாளில் கிணறு இறைப்பது அந்த வளவின் வழக்கம். அதற்குள் டின்னை வெளியே எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி ஒளிப்பதாகத் திட்டம். அந்த வருஷம் மாமாவுக்கு வேலையில்லாத நாள் ஒன்று முன்னாலேயே வாய்த்துவிட்டது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாமியும் மாமாவும் கிணற்றை இறைத்து முடித்துவிட்டார்கள். பின்னேரம் வந்து பார்த்தால் கிணற்றுக் கட்டு கழுவிக் கிடந்தது. வயரும் இல்லை, டின்னும் இல்லை.

மனைவி கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அம்மாட்டக் கேப்பமா?" என்றேன்.

"அம்மா எடுத்திருந்தா இந்நேரம் ஊரைக் கூட்டியிருப்பாங்க. வேற ஆரோ எடுத்திருக்காங்க."

அந்த 'வேற ஆரோ' எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. இயக்கப் பொடியன்கள் எடுத்தார்களோ, ஆமிக்கு யாரும் சொன்னார்களோ என்று மாறி மாறி யோசித்தோம். வாய் திறந்து கேட்கவும் பயம். கேட்டால், எதைத் தேடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்களே. நாய் குரைத்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தோம்.

அதற்குள் மாமியின் போக்கு மாறியது. எனக்குச் சோற்றில் தயிரை அள்ளி அள்ளி ஊற்றினார். "இண்டைக்குக் கந்தோருக்குப் போகாதங்க மகன், பாதை சரியில்லையாம்" என்று காலையில் வந்து நின்றார். என் தலையில் கைவைத்து எதையோ முணுமுணுத்து நேர்ந்துகொண்டார். மெதடிஸ்தத் தலைதான், ஆனாலும் பேசாமல் குனிந்து கொடுத்தேன். மாமாவோ இன்னும் விசித்திரம். சடங்கு நாளில் அவர் வலை போடுவதில்லை. ஆனால் அந்த வருஷம் தினமும் தோணியை எடுத்துக்கொண்டு போனார். மீனில்லாமல் திரும்பி வந்து, எங்கள் வளவுக்குப் பின்னால் வாவிக் கரையில் தோணியைக் கட்டி, அதை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அடிக்கடி வாவித் தண்ணீரை மொண்டு, தோணிக்குள் கிடந்த வலைக்குவியலில் ஊற்றினார். இடையிடையே என்னையே பார்த்தார். கல்யாணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகு என்னை வெறுக்க அவருக்குப் புதுக் காரணம் ஏதோ கிடைத்திருக்கிறது என்று நினைத்து எனக்கு இரத்தம் கொதித்தது. போய் நாலு வார்த்தை கேட்கப் புறப்பட்டவனை மனைவிதான் இழுத்து நிறுத்தினாள்.

குளிர்த்தி முடிந்த காலையில் மாமி கோயிலிலிருந்து செம்பில் குளிர்த்தித் தண்ணீர் கொண்டு வந்தார். வேப்பிலையால் எங்கள் இருவர் மேலும் தெளித்தார். தெளிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"புள்ள, அந்தச் சாமானைக் கேட்டு இன்னம் ஒருத்தரும் வரல்லையா?"

"எந்தச் சாமான்?"

"கிணத்துக்க தொங்கினது."

மனைவி தாயின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா! அது எங்க? எங்கம்மா அது?"

மாமி அந்தப் பதற்றத்தைக் கண்டு, தான் பயந்தது சரிதான் என்று முடிவு கட்டிவிட்டார். "என்ட தாயே, இந்தப் புள்ளையளை ஆரு இதுக்குள்ள மாட்டி விட்டது!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அழுகைக்கு நடுவில் கையை மட்டும் வாவிப் பக்கம் நீட்டினார்.

நாங்கள் ஓடினோம். மாமா தோணியில் இருந்தார். மனைவி முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் வலைக்குவியலைக் கிளறினாள். அடியில், ஈரச் சாக்குக்குள், எங்கள் டின். வயரைக்கூட ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தார். அவள் ரேப்பை உரிக்கக் கை வைத்ததும் மாமா பாய்ந்து எழும்பினார். நான் குனிந்து பார்க்கப் போனேன். அவர் என் சேர்ட்டைப் பின்னால் கொத்தாகப் பிடித்து இழுத்து, தனக்கு முதுகுப்பக்கம் தள்ளினார். நான் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

"துறக்காத புள்ள! வெடிச்சிரும்!"

"வெடிக்காது மாமா."

"சூடேறினா வெடிக்கும். அதுக்குத்தானே நான் நனைச்சு நனைச்சு வைச்சிருக்கன்!"

அவள் டின்னைத் திறந்துவிட்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை. அப்பமாப் புளித்த வாசம்தான் வந்தது. மாமா எட்டிப் பார்த்தார். மணலுக்குள் பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய்கள்.

"இது என்னது?"

"மதுவம் மாமா. கள்ளைப் புளிக்க வைக்கிறது இருக்கில்லையா, அந்தச் சாதி."

"கள்ளா?"

"அந்த மாதிரித்தான்."

மாமா தோணி விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். "இதை வைச்சுக்கொண்டா நான் தினம் சென்றியடியால போய் வந்தன்" என்றார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. பின்னால் வந்து சேர்ந்த மாமிக்கு விஷயம் விளங்கியதும், சடங்குக் கிணற்றுக்குள் கள்ளா என்று எங்களைத் திட்டத் தொடங்கினார். அந்தத் திட்டைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? நான் தண்ணீரிலேயே இருந்துகொண்டு கேட்டேன்.

"ஏன் மாமா அப்பவே வாவிக்குள்ள எறியல்ல?" என்று மனைவி கேட்டாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வலையை உதறப் போய்விட்டார்.

மதுவம் பெரும்பாலும் செத்துப் போயிருந்தது. மாமா என்னதான் ஊற்றினாலும், வைகாசி வெயிலில் தோணிக்குள் கிடந்த டின் சூடாவதும் ஆறுவதுமாகத்தானே இருந்திருக்கும். அவள் ஒவ்வொரு குழாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, கிண்ணங்களில் உறைய வைத்த புதுக் கடற்பாசியில் தேய்த்தாள். நாள் போனது, ஒன்றும் வரவில்லை. அவள் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போனாள். எனக்கு மனம் தாங்கவில்லை. இன்னொரு கடிதம் போடலாம் என்றேன். அவள் தலையாட்டினாள், என் மனம் நோகக்கூடாது என்பதற்காக.

பிறகு ஒரு கிண்ணத்தில் மட்டும், ஊசிமுனை அளவில் சில வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மெல்ல மெல்ல வளர்ந்தன. விசித்திரம் என்னவென்றால், இவற்றைக் கிணற்றில் இறக்கத் தேவைப்படவில்லை. குசினிச் சூட்டிலேயே, மெதுவாகத்தான் என்றாலும், வளர்ந்தன. அவள் சந்தோஷத்தில் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மாமாவிடமே போய்க் காட்டினாள்.

"வாசல் சரியாகிட்டுதா அப்ப?" என்று மாமா கேட்டார். அதற்குள் அவருக்கும் கதை முழுக்கத் தெரிந்திருந்தது.

"வாசல் பிழையாத்தான் இருக்கும் மாமா. வேற எங்கயோ ஒண்டு மாறியிருக்கு. பிழையை வைச்சுக்கொண்டு இருக்கப் பழகிட்டுது எண்டு நினைக்கிறன்."

அந்த நினைப்பு சரியா என்று பார்ப்பதுதான் அவளுடைய படிப்பாகிப் போனது. மாமாவின் தோணியில் தப்பினவற்றைக் கண்டிப் பக்கம் கொண்டு போய்ச் சோதித்தாள். வாசல் அதே பிழையோடுதான் இருந்தது. கலம் முழுக்கவே புதிதாகப் புரதம் உண்டாக்குவதைக் குறைத்திருந்தது. வாசலுக்கு வருவது குறைந்ததால் நெரிசலும் குறைந்திருந்தது. அதற்கு மேல் அவளிடம் கருவியும் இல்லை, காலமும் இல்லை. பல வருஷம் கழித்து மிச்சத்தை வேறு நாடுகளில் கண்டுபிடித்தார்கள். உள்ளே போக முடியாமல் குவிகிற புரதங்களைக் கலம் தேடிப் பிடித்து அரைத்துத் தள்ளுகிறதாம். வாசலில் சிக்கியதை இழுத்து எடுத்து வழிவிடத் தனி ஆட்கள் உண்டாம். இதையெல்லாம் அவள் எனக்கு வாசித்துக் காட்டியபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முந்திக்கொண்டார்களே என்ற வருத்தமா என்று கேட்டேன். "இல்ல, நான் நினைச்சது சரியெண்ட சந்தோஷம்" என்றாள். நான் நம்பினேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

பாதை திறந்து நாங்கள் கண்டிக்குப் புறப்பட்ட காலையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மனைவி தாயிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். நான் டின்னோடு பஸ்சுக்கு நின்றேன். இம்முறை கறுப்பு ரேப் இல்லை; வெள்ளைத் துணி சுற்றி, பல்கலைக்கழகக் கடிதம் ஒன்றையும் மேலே கட்டியிருந்தோம். மாமா ஒரு சாக்கை வாவியில் நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் அவளைத் தேடவில்லை. நேரே என்னிடம் வந்து, என் கையிலிருந்த டின்னை வாங்கி, குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோலச் சாக்கைச் சுற்றித் திருப்பித் தந்தார்.

அவள் அன்றைக்குக் கேட்டதையே நானும் கேட்டேன்.

"ஏன் நீங்க அதை எறியல்ல?"

அவர் சாக்கின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

"எறிஞ்சா, கேட்டு வாற இயக்கக்காரன் உங்களைத்தான் கொண்டு போவான். வளவுக்க வைச்சா, ஆமிக்காரன் உங்களைத்தான் கொண்டு போவான். தோணியில கிடந்தா நான் ஒருத்தன்தானே, மகன்."

பஸ் வந்தது. மனைவி ஓடி வந்து ஏறினாள். சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகி என் காற்சட்டையெல்லாம் நனைந்தது. கீழே வைக்கச் சொல்லி அவள் எத்தனையோ தடவை சொன்னாள். கல்லடிச் சென்றியில் இறங்கித் திறந்து காட்டிய நேரத்தைத் தவிர, நான் அதை மடியை விட்டு இறக்கவில்லை.